வஞ்சிரம் வந்த ஞாயிறுகள்

சேலையூர் கேம்ப் ரோட்டில் மீன் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் என் மகளுக்குக் கல்யாணமானதிலிருந்து நாங்கள் அந்தப் பக்கம் ஒதுங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மாப்பிள்ளையின் பைக் சத்தம் கேட்டுவிடும். ஹேண்டிலில் ஒயர் கூடை தொங்கும். கூடைக்குள் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா இருக்கும். டப்பாவுக்குள் குழம்பு மீன்.

குழம்பு மீன் என்பது ஒரு மீனின் பெயரல்ல, அது ஒரு வழக்கம். என் சம்பந்தி கடலுக்குப் போகிறவர். கேளம்பாக்கத்தில் கிழக்கே திரும்பிப் போனால் வரும் குப்பம் அவருடைய ஊர். அங்கே படகு கரையேறியதும், ஏலம் தொடங்குவதற்கு முன்னால், வலையில் வந்ததிலிருந்து வீட்டுக் குழம்புக்கென்று ஒரு கை அள்ளி ஒதுக்கிவிடுவார்கள். கூடப் போனவர்களுக்கு ஒரு கை, ஆண் துணை இல்லாத வீட்டுக்கு ஒரு கை, மாதா கோயிலில் மணியடிப்பவருக்கு ஒரு கை. அந்த வரிசையில் பெண் கொடுத்த வீடு என்று நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

அந்தக் கையில் வருவது எப்போதும் பொடி மீன்தான். காரப்பொடி, நெத்திலி, எப்போதாவது இரண்டு கானாங்கத்தை. முதல் தடவை டப்பாவைத் திறந்து பார்த்தபோது எனக்கு முகம் சுண்டிப்போனது. பெண்ணைக் கொடுத்த இடத்துக்கு இதுதானா மரியாதை என்று நினைத்தேன். வாய் சும்மா இருக்குமா? அடுத்த முறை சம்பந்தியின் மனைவியைப் பார்த்தபோது, உங்கள் ஊரில் பெரிய மீனே கிடைப்பதில்லையா என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன். அவர் கேளம்பாக்கம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். வியாபாரியிடம் குத்தலாகப் பேசி ஜெயிக்க முடியுமா?

"பெரிய மீனு விக்கறதுக்கு, சம்மந்தி. வூட்டு ஆளுக்கு எதுக்கு பெரிய மீனு?" என்றார்.

அதற்குப் பிறகு நான் காரப்பொடியை மரியாதையாக ஆயக் கற்றுக்கொண்டேன். என் கணவர்தான் இன்றுவரை சமாதானமாகவில்லை. அவர் முள்ளுக்குப் பயந்தவர்.

கல்யாணத்தின்போதே எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கவலை. நாங்கள் புரோட்டஸ்டண்ட், அவர்கள் கத்தோலிக்கர். என் அண்ணனுக்கு மாதா படம் பற்றிக் கவலை. எனக்கு, என் பெண் படித்த படிப்புக்கும் மாப்பிள்ளையின் குடும்பத்துக்கும் ஒத்துப்போகுமா என்று கவலை. அவள் படித்தது கடலைப் பற்றி. மீன், ஆமை, பவளம் என்று கணக்கெடுக்கும் ஒரு குழுவில் வேலை செய்கிறாள். பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் பருவத்தில் கரையில் நடந்துபோய் முட்டைகளைப் பத்திரப்படுத்துவார்கள். அப்படி நடக்கப் போன இடத்தில்தான் இந்தப் பையனைப் பார்த்தாள். அவன் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். கடலுக்குப் போனால் என்னைப் போலவே வாந்தி எடுப்பான் என்பது பிறகுதான் தெரிந்தது.

என் கவலை வீண். மகளும் மாமனாரும் முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொண்டார்கள். மகனுக்குப் பிடிக்காத கடலைப் பற்றி மருமகள் வாய் ஓயாமல் கேட்டால் எந்த மனிதருக்குத்தான் கசக்கும்? அவர் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமாகிச் சில மாதங்களிலேயே அவளைத் தன் படகில் உட்காரவைத்து, தன் அப்பா கண்டுபிடித்த பாருக்குக் கூட்டிப்போனார். பார் என்றால் கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டு. அங்கேதான் சங்கராவும் கலவாவும் தங்கும். கரையிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர். எந்த இடத்தில் நின்றால் கீழே பாறை இருக்கிறது என்பது ஒவ்வொரு குடும்பத்தின் சொத்து.

அன்று சாயங்காலமே அவள் சேலையூருக்கு ஓடி வந்து, "அம்மா, மாமா எனக்கு அந்த இடத்தைக் காட்டினாரும்மா" என்றாள். கண் கலங்கியிருந்தது. நான் பெற்று வளர்த்தவள். என் ஏ.டி.எம். கார்டின் நம்பரைக்கூட நான் அவளிடம் சொன்னதில்லை. அவள் போய்ச் சேர்ந்த சில மாதத்திலேயே அந்த மனிதர் தன் அப்பாவின் சொத்தைக் காட்டிவிட்டாரே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

இரண்டு வருடம் இப்படி நன்றாகப் போனது. பிறகு இந்தத் திட்டம் வந்தது.

குப்பத்துக்கு எதிரே உள்ள கடலில் ஒரு பகுதியைப் பாதுகாக்கப்பட்ட கடலாக அறிவிக்கலாமா என்று அரசாங்கத்தில் யோசனை. என் மகளின் குழு அதற்கு வரைபடம் தயாரித்தது. அதில் வட்டம் போட்ட பகுதிக்குள் லாஞ்சுகள் வரக்கூடாது. லாஞ்சு என்றால் அடியோடு வாரிக்கொண்டு போகும் பெரிய இழுவலைப் படகு. குப்பத்துக்காரர்களின் சின்னப் படகும் தூண்டிலும் மட்டும் உள்ளே போகலாம். காகிதத்தில் பார்த்தால் குப்பத்துக்கு இதைவிட நல்லது என்ன வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். வட்டம் என்றால் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, அவ்வளவுதான்.

குப்பத்தில் அது அவ்வளவுதான் இல்லை. அங்கே போகும்போதெல்லாம் வாசலுக்கு வாசல் வேறு வேறு பேச்சு. லாஞ்சை விரட்டினால் போதும், யார் வந்து விரட்டினாலும் கும்பிடு போடுவோம் என்பார் ஒருவர். இன்றைக்கு வலை போடாதே என்பான், நாளைக்குப் படகை நிறுத்தாதே என்பான், அப்புறம் குடிசையைக் காலி செய் என்பான், பின்னாலேயே ஓட்டல்காரன் வந்து நிற்பான் என்பார் இன்னொருவர். கரையில் ஆமை செத்து ஒதுங்கினால் எங்கள் வலையைத்தானே முதலில் பார்க்கிறார்கள் என்று வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் என்னிடமே சண்டைக்கு வந்தார், ஏதோ நான்தான் பார்த்ததுபோல. பெண்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கோபம் தனி.

என் சம்பந்தி மட்டும் எதுவும் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போது, மருமகளைப் பார்த்துச் சொன்னார். "பூட்டு போடறது சரி பாப்பா. சாவி யார் கைல கீது, அத்தச் சொல்லு."

அவள், அது இன்னும் முடிவாகவில்லை மாமா என்றாள்.

ஊர்க் கூட்டம் ஒரு சனிக்கிழமை, மாதா கோயில் பக்கத்து ஹாலில். சம்பந்தி வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்ததால் நானும் போயிருந்தேன். ஹாலில் ஃபேன் சுற்றியதே தவிர காற்று வரவில்லை. ஆண்கள் நாற்காலியில், பெண்கள் பின்னால் நின்றுகொண்டு. நான் டீச்சர் என்பதால் எனக்கொரு நாற்காலி கிடைத்தது. சுவரில் ஒரு வேட்டியைக் கட்டித் திரையாக்கி வரைபடத்தைக் காட்டினார்கள். நீலக் கடலில் சிவப்புப் புள்ளிகள். பார் இருக்கும் இடங்கள் என்று ஊர்க்காரர்கள் ஆளாளுக்குச் சொன்னவை அவை. அந்தப் புள்ளிகளைச் சுற்றித்தான் வட்டம் போட்டிருந்தார்கள்.

என் மகள் எழுந்து பேசினாள். ஒரு புள்ளியைக் காட்டினாள். இது என் மாமனாருடைய அப்பா கண்டுபிடித்த பார், மாமாவே என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார், லாஞ்சு வந்து இதை வாரிக்கொண்டு போகாமல் இருக்க இந்த வட்டம் இதன்மேல் நிச்சயமாக இருக்க வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன் என்றாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் ஓங்கியிருந்தது. பெருமையில்தான்.

ஹாலில் ஒருவர் கனைத்தார். இன்னொருவர் தலையைக் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. அப்புறம் வரிசையாக நாலைந்து பேர். சிரிப்பை அடக்குகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடமாகப் பார்க்கிற சிரிப்பு அது. ஆனால் எதற்கு என்று புரியவில்லை. என் பெண்ணைக் கேலி செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். உடம்பெல்லாம் கொதித்தது. என் சம்பந்தி ஏதாவது சொல்வார் என்று அவர் பக்கம் திரும்பினேன். அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

மதியச் சாப்பாட்டுக்கும் அவர் வரவில்லை. என் மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். எல்லார் முன்னாலும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டேன், அதுதான் மாமாவுக்குக் கோபம், அவரைக் கேட்காமல் செய்துவிட்டேன் என்று என்னிடம் சொல்லி அழுதாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கொடுத்த சொத்தைக் கடை பரப்பினால் யாருக்குத்தான் வலிக்காது? அவர் மனம் ஆறுகிற வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை டப்பா வராது என்று என் கணவரிடம் எச்சரித்து வைத்தேன்.

அடுத்த ஞாயிறு பைக் சத்தம் கேட்டது. ஒயர் கூடைக்குப் பதிலாக ஒரு சாக்குப் பை. பைக்குள் முழு வஞ்சிரம்.

என் கணவர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சமையலறை வரைக்கும் போனார். குழந்தையைத் தூக்கிப் போவதுபோல் இருந்தது. என்ன விசேஷம் என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். அப்பா கொடுத்தார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும் ஆண்ட்டி என்றான். அதற்கடுத்த ஞாயிறு கொடுவா. அதற்கும் அடுத்து மறுபடி வஞ்சிரம், அதைவிடப் பெரியது. கோவிலம்பாக்கத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்கும் துண்டு போட்டுக் கொடுத்தனுப்பினேன். அவள் போனில், உன் சம்பந்தி தங்கமானவர் என்றாள்.

எனக்கு அந்த மீன் இறங்கவில்லை. விற்கிற மீன் வீட்டுக்கு வந்தால் என்னவோ சரியில்லை என்று அர்த்தம். அது அவர்கள் வழக்கமே இல்லை. சம்பந்தியின் மனைவி போன் செய்து, உங்கள் வீட்டுக்கு அனுப்பியே என் கூடை காலியாகிறது, இந்த மனுஷனுக்கு என்ன பிடித்திருக்கிறது என்று நீங்களாவது கேளுங்கள் என்று புலம்பினார். இந்தப் பக்கம் என் மகள், மாமா என்னைப் பார்த்தால் வலையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார் என்று புலம்பினாள். பாப்பா என்று கூப்பிட்டே எத்தனை நாளாகிறது தெரியுமா என்றாள். அதைச் சொல்லும்போது அவள் சின்னப் பிள்ளையாகிவிட்டாள். என் பெண்ணுக்கு அந்த வீட்டில் கணவனைவிடப் பெரிய துணை அந்த மனிதர்தான். அது போய்விட்டால் அவள் அங்கே விருந்தாளி ஆகிவிடுவாள்.

அடுத்த ஞாயிறு பைக் வரவில்லை. சம்பந்தியே வந்தார். டி.வி.எஸ். வண்டியில், கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர் வழியாக, முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஒரு மீனை நிறுத்திக்கொண்டு. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கல்யாணத்துக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் படி ஏறியது அன்றைக்குத்தான். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். காபி கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாரே தவிர குடிக்கவில்லை. என் கணவர் மீனைப் பார்க்க உள்ளே போய்விட்டார்.

"சம்மந்தி, அந்த எடத்துல ஒண்ணியும் இல்ல" என்றார்.

எனக்குப் புரியவில்லை. எந்த இடம் என்றேன்.

"பாப்பா காட்டுச்சே, அந்த எடம். அங்க பாரு இல்ல, வெறும் சேறு. நான் பொய் எடத்தத்தான் காட்டிகினு வந்தேன்."

பிறகு மெதுவாகச் சொன்னார். எங்கே மீன் கிடைத்தது என்று கேட்டால் கடலுக்குப் போகிறவன் உண்மையைச் சொல்ல மாட்டான். வடக்கே போனவன் தெற்கே என்பான். பிறந்ததிலிருந்து அப்படித்தான். அண்ணன் தம்பிக்குள்ளும் அப்படித்தான். கேட்கிறவனுக்கும் தெரியும், சொல்கிறவனுக்கும் தெரியும், அதில் யாருக்கும் வருத்தமில்லை. புதிதாக வந்த பெண் ஆசையாகக் கேட்டபோது மறுக்கவும் மனமில்லை, சொல்லவும் வாய் வரவில்லை. கை பழகின வழியில் போய்விட்டது. அது வெளியூர்ப் பெண், நம்பிவிடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் பெண் ஊரையே கூட்டி வைத்து, எதுவுமில்லாத சேற்றுக்காக வாதாடியிருக்கிறாள். ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரிந்திருக்கிறது. எல்லாரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே, ஒருத்தராவது வாயைத் திறந்தீர்களா என்று கேட்டேன். வகுப்பில் கேட்பதுபோலவே கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. எப்படித் திறப்பார்கள், என் பொய்யைச் சொன்னால் அவரவர் பொய்யும் வெளியே வருமே என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தோடு சிரிப்பும் சேர்ந்து வந்தால் பெரிய கஷ்டம். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைப் பக்கம் பார்த்தேன்.

ஆனால் அவர் சிரிக்கவில்லை. நிஜமான பார் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறது என்றார். வட்டம் வந்தால் லாஞ்சுக்காரர்கள் வெளியே இருப்பதெல்லாம் எங்களுக்கு என்று வருவார்கள். அப்பன் கண்டுபிடித்த பார் ஒரே பருவத்தில் மொட்டையாகிவிடும். சொன்னால் பாப்பா முன்னால் பொய்யனாக நிற்க வேண்டும். சொல்லாவிட்டால் பார் போய்விடும். இதைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

"பாரு போனாக்கூட வேற எடம் தேடிக்குவேன் சம்மந்தி. பாப்பா மாமான்னு கூப்டும்போது நிமிந்து பாக்க முடியல."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இந்த நெஞ்சு குறுகுறுத்து வாரா வாரம் எங்கள் வீட்டுக்கு வஞ்சிரமாக வந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கு அந்த மனிதர்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது. இதை நீங்களே அவளிடம் சொல்லுங்கள் என்றேன். நீங்களும் கூட வந்தால் சொல்கிறேன் என்றார். எங்கே வர வேண்டும் என்று கேட்காமல் தலையாட்டிவிட்டேன். படகில் என்று பிறகுதான் தெரிந்தது.

விடியும் நேரத்தில் போனோம். அவர், என் மகள், நான். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை என் சுடிதாருக்குமேல் மாட்டிவிட்டார்கள். சம்பந்தியின் மனைவி கரையில் நின்று ஒரு எலுமிச்சம்பழத்தை என் கையில் அழுத்தினார். அலை தாண்டுவதற்குள்ளேயே எனக்கு வயிறு புரண்டது. முதல் பத்து நிமிடம் நான் கடலைப் பார்த்ததெல்லாம் படகின் விளிம்புக்கு வெளியே தலையை நீட்டியபடிதான். என் பெண் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். எதற்காகப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. மாமாவுக்கும் அவளுக்கும் சமாதானம் செய்து வைக்க அம்மா கிளம்பியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

தலையைத் தூக்கியபோது கரை வெகு தூரத்தில் இருந்தது. அதற்குப் பின்னால் வண்டலூர் மலை தெரிந்தது. எங்கள் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது நான் பார்க்கிற அதே மலை. அது கடலிலிருந்து தெரியும் என்று எனக்கு இத்தனை வருடமும் தெரியாது. மாதா கோயில் சிலுவை அந்த மலையின் தோளில் வந்து நின்றதும் அவர் இன்ஜினை அணைத்தார். போதாததற்குச் செல்போனையும் எடுத்துப் பார்த்தார். அதில் அந்த இடத்தை 'கேஸ் ஏஜென்சி' என்று பெயர் போட்டு வைத்திருந்தார். வேறு யாராவது போனை வாங்கிப் பார்த்தாலும் தெரியக்கூடாதாம்.

பிறகு சொன்னார். எனக்குச் சொன்ன அளவுக்குக்கூடச் சொல்லவில்லை.

"அன்னிக்குக் காட்டுனது இல்ல பாப்பா. மெய்யாலுமே இதான்."

ஈயக் குண்டு கட்டிய நூலை அவள் கையில் கொடுத்தார். அவள் இறக்கினாள். குண்டு அடியில் தட்டியது. அவள் விரலில் அது தெரிந்ததை நான் அவள் முகத்தில் பார்த்தேன். இரண்டு மூன்று தடவை தூக்கித் தூக்கி இறக்கினாள். முன்பு காட்டிய இடத்தில் குண்டு மெத்தென்று போனதும், அப்போது அதைப் பற்றித் தான் யோசிக்காமல் விட்டதும் அவளுக்கு அந்த நிமிடம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஹாலில் ஏன் சிரித்தார்கள் என்பதும்தான். முகம் சிவந்துபோனது. அழுவாளோ, கத்துவாளோ என்று நான் எலுமிச்சம்பழத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவள் செல்போனை எடுத்தாள். எடுத்துவிட்டு அப்படியே நிறுத்தினாள்.

"குறிச்சுக்கலாமா மாமா?" என்றாள். போன தடவை அவள் கேட்கவில்லை.

அவர் கரையைப் பார்த்தார், தெற்கே தூரத்தில் புகை விட்டுக்கொண்டு போன ஒரு லாஞ்சைப் பார்த்தார். அவருடைய பையனுக்கே இந்த இடம் தெரியாது. மனைவிக்குத் தெரியாது. இனி யாரெல்லாமோ நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள். அவர் முகத்தில் இருந்த பயத்தை நான் பெண் கல்யாணத்தன்று என் கணவர் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

"குறிச்சிக்கோ பாப்பா" என்றார். "சாவி ஊர்கிட்ட இருக்கணும்னு அதுலயே எழுதிடு."

அவள் தலையை ஆட்டினாள். அப்போதும் குறிக்கவில்லை. போனை என் மடியில் வைத்துவிட்டு, படகின் முன்பக்கம் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு மறுபடி குமட்டியது. ஆனாலும் அந்த நேரத்தில் கரைக்குத் திரும்பலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரும்பும்போதுதான் அவள் என்னிடமிருந்து போனை வாங்கிக் குறித்தாள், அவரிடம் காட்டிவிட்டு.

அடுத்த ஊர்க் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று, போன முறை நான் குறித்தது தப்பு, இடம் அது இல்லை என்றாள். யார் சொன்னது, ஏன் தப்பானது என்று எதுவும் சொல்லவில்லை. தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. என் சம்பந்தி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரிய தொப்பைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"எம்புள்ளியையும் ஒரு தபா பாத்துடும்மா" என்றார்.

அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், என்னுடையதையும் என்றார். முன் வரிசையில் ஒருவர் பேசாமல் கையை மட்டும் தூக்கினார். அப்புறம்தான் ஹாலே சிரித்தது, பின்னால் நின்ற பெண்கள் எல்லாரையும்விடச் சத்தமாக. திரையில் இருந்த சிவப்புப் புள்ளிகளில் ஒன்றுகூட உண்மையில்லை. என் மகளின் குழுத் தலைவர் வேட்டித் திரையையும் ஊரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பாவமாக இருந்தது.

இப்போது வரைபடத்தில் புள்ளியே இல்லை. எல்லாருடைய பாரையும் உள்ளே வைத்து ஒரே பெரிய எல்லை போட்டிருக்கிறார்கள். அதற்குள் எது யாருடையது என்று வெளியாருக்குத் தெரியாது. எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்பதை ஊர்ப் பஞ்சாயத்துதான் முடிவு செய்ய வேண்டும், அதில் பெண்களும் உட்கார வேண்டும் என்று எழுதி மேலே அனுப்பியிருக்கிறார்கள். மேலிடத்தில் அதை ஒத்துக்கொள்வார்களா என்று யாருக்கும் தெரியாது. பூட்டை வைத்துக்கொண்டு சாவியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் குப்பத்தில் இன்னும் இருக்கிறார்கள். என் சம்பந்தியும் அதில் ஒருவர். இன்னும் பதில் வரவில்லை.

அந்த இரண்டாவது கூட்டம் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. செருப்பைக் கழற்றுவதற்குள் பைக் சத்தம். ஹேண்டிலில் ஒயர் கூடை, கூடைக்குள் ஐஸ்கிரீம் டப்பா. என் கணவர் ஆவலாக ஓடிப் போய் மூடியைத் திறந்தார். முகம் தொங்கிப்போனது. டப்பா நிறைய காரப்பொடி.

நான் அதைச் சட்டியில் கொட்டி, முற்றத்துக் குழாயடியில் மணைப் பலகை போட்டு உட்கார்ந்தேன். அத்தனையும் சுண்டு விரல் அளவு. ஆய்ந்து முடிக்க மதியம் ஆகிவிட்டது. நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. கை முழுக்கச் செதிளாக இருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

சாப்பிட்டு முடித்த நேரத்தில் என் மகள் போன் செய்தாள். மீன் எப்படி இருந்தது என்று மாமா கேட்கச் சொன்னார் என்றாள். பின்னால் அவர் குரல் கேட்டது, பாப்பா, பாப்பா என்று எதற்கோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரே முள்ளுன்னு சொல்லு" என்றேன். "அடுத்த வாரமும் இதையே அனுப்பச் சொல்லு."